வலது பக்கத்து ரயர்

வள்ளம் ஏற்றும் ரெயிலரிலிருந்து கழற்றிய ரயரை என் கணவர் முற்றத்தில் உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் சாய்த்து வைத்தார். வெளிப்பக்கத்தில் வரிகள் ஆழமாக இருந்தன. இன்னும் ஒரு வருடம் ஓடும் என்றுதான் யாரும் சொல்லுவார்கள். மறுபக்கம் திருப்பினார். அங்கே வரியும் இல்லை, ரப்பரும் இல்லை. உள்ளே இருந்த நூல் பிய்ந்து, நைந்த சாக்கைப் போலத் தொங்கியது.

"உப்புத் தண்ணி திண்டிட்டுது," என்றார்.

இடது பக்கத்து ரயரும் அதே தண்ணீருக்குள்தானே இறங்குகிறது? அதற்கு ஒன்றும் நடக்கவில்லையே? உப்புத் தண்ணீர் ஒரு ரயரில், அதிலும் ஒரு பாதியை மட்டும் எப்படித் தின்னும்? நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை என்பது அவர் பீடியைப் பற்ற வைத்ததில் விளங்கியது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க் காலம். கொழும்புத்துறைக் கரையில் வள்ளங்களை விட்டு வைக்க முடியாது. கரையில் கட்டியிருந்தவை வெடி பட்டு ஓட்டை ஓட்டையாகக் கிடந்தன. எங்கள் பைபர் வள்ளத்தை ஒவ்வொரு நாளும் ரெயிலரில் ஏற்றி, ஒரு மைலுக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் வளவின் மாமரங்களுக்குக் கீழே தென்னோலைக் கிடுகால் மூடி வைப்போம். மறுநாள் திரும்பவும் கரைக்கு. டீசல் கிடைப்பதில்லை, ஆகவே கையால்தான் இழுப்பு. முன்னால் இடது கைப்பிடியில் என் கணவர், வலது கைப்பிடியில் என் தம்பி, பின்னால் தள்ளுவதற்கு அயலில் யார் அகப்படுகிறார்களோ அவர்கள்.

வள்ளம் அவர்கள் இருவருக்கும் பொது. எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், அத்தானும் மச்சானும் ஒரே வள்ளத்தில் போகிறார்கள் என்று என் தாயார் கோயிலில் போய் மெழுகுதிரி கொளுத்தினார். நன்றி சொல்லவா, பயந்தா என்று நான் கேட்கவில்லை.

ரெயிலரை மின்சாரம் இருந்த காலத்திலேயே செய்வித்திருந்தோம். ஒரு பழைய காரின் முன் அச்சை வெட்டி எடுத்துச் செய்தது. காரில் அந்தச் சில்லுகள் இரண்டும் திரும்புவதற்காக உள்ளவை. ரெயிலரில் அவை திரும்பக் கூடாது. ஆகவே வெல்டிங் கடைக்காரர் இரண்டு பக்கமும் இரும்புத் துண்டு வைத்து ஒட்டி, துருப் பிடிக்காமல் மேலே தடிப்பாகத் தார் பூசித் தந்தார்.

புது ரயர் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. தடை செய்யப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. எங்களுக்குப் பின்வளவில் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் சீமெந்துத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தவர். அவருடைய கார் வேப்பமரத்தின் கீழ் எண்ணெய் இல்லாமல் நின்றது. நாங்கள் கேட்பதற்கு முதலே அவர் சொன்னார்:

"பெற்றோல் வாறபோது ரயரைப் பற்றி யோசிப்பம். இப்ப ஒண்டைக் கழட்டிக்கொண்டு போங்கோ."

காரின் ஒரு மூலைக்குக் கல் அடுக்கிவிட்டு ரயரைக் கொண்டு வந்தோம். மழை தொடங்குவதற்குள் அதுவும் போயிற்று. அதே வலது பக்கம், அதே உட்பாதி. இரண்டாவதையும் தந்தார். காருக்கு இரண்டாவது மூலையிலும் கல் வந்தது.

குழப்பம் வீட்டுக்குள் வந்தது இதற்குப் பிறகுதான். நான் பங்குப் பாடசாலையில் கீழ் வகுப்புக்குப் படிப்பித்துவிட்டு வந்து சமையலைத் தொடங்குவேன். கணவர் குசினி வாசலில் வந்து நிற்பார்.

"உன்ரை தம்பி நேராய் இழுக்கிறானில்லை. என்ரை பக்கம் சாஞ்சு சாஞ்சு வாறான். சில்லு உரஞ்சித் தேயாமல் என்ன செய்யும்?"

அவர் கிணற்றடிக்குப் போன பிறகு தம்பி வருவான். அவன் மீன் கொண்டு வந்து தருவது போல வருவான். சொல்ல வந்தது வேறு.

"அக்கா, அத்தான் வள்ளத்தை ஏத்தேக்கை வலப் பக்கமாய்ப் பாரத்தைப் போடுறார். என்ரை பக்கம் இழுக்க ஏலாமல் கிடக்கு. இரவு முழுக்கத் தோள் கொதிக்குது."

"அதை அவரிட்டையே சொல்லன்."

"சொன்னன். எனக்குச் சோம்பல் எண்டு சொல்லுறார்."

இருவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. ஒருவர் பேசும்போது அவர் பக்கம் நின்றேன். மற்றவர் பேசும்போது மற்றவர் பக்கம். ஓரா மீனைச் செதில் நீக்கிக்கொண்டே, இருவரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டுமே என்று யோசிப்பேன். கணவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. தம்பியை நான் தூக்கி வளர்த்தவள். அவன் பொய் சொன்னால் காது சிவக்கும். காது சிவக்கவில்லை.

வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் தூண்டில் நூலைப் பிடித்து, இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரத்தை முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்தார். ஒரே அளவு. சில்லைச் சுற்றி விட்டார், ஆடாமல் சுற்றியது.

"அச்சு நேர்தான். பிழை இழுவையிலைதான்," என்றார்.

யாருடைய இழுவையில் என்று அவர் சொல்லவில்லை. கணவர் தம்பியைப் பார்த்தார். தம்பி வள்ளத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து இருவரும் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள்.

இரண்டாவதும் தேய்ந்துபோன பிறகு, மூன்றாவது ரயரைக் கேட்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. காங்கேசன்துறைக்காரர் இந்த முறை உடனே எழும்பவில்லை. காரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உங்கடை ரெயிலர் ரயர் திங்கிறது மாதிரி மாடு புல்லுத் தின்னாது. ஏன் எண்டு ஒருக்கால் பாருங்கோவன்."

"பாக்கிறம் அண்ணை. பிடிபடுதில்லை."

"சரி, கழட்டுங்கோ."

அடுத்த கிழமை ஒரு காலை, முதல் நாள் குண்டு வீச்சினால் பள்ளிக்கூடம் இல்லை. நான் மீன் போடும் ஓலைக் கடகத்தோடு கரைக்குப் போனேன். வள்ளத்தை ரெயிலரில் ஏற்றி இழுத்து வந்தார்கள். தள்ளுவதற்கு அன்று வேறு யாரும் அகப்படாததால், நான் ஒரு கையால் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். சில்லுகள் தண்ணீரிலிருந்து ஏறி வந்ததால் தார் ரோட்டில் ஈரக் கோடு விழுந்தது. இடது பக்கத்துக் கோடு வெட்டினாற்போலச் சுத்தமாக இருந்தது. வலது பக்கத்தது அகலமாய், ஈரத் துணியால் தரையைத் துடைத்தது போலக் கலங்கியிருந்தது.

"இஞ்சை வந்து பாருங்கோ," என்று கூப்பிட்டேன்.

இருவரும் நின்றார்கள். பார்த்தார்கள்.

"பாத்தியே? நீ இழுக்கிற வடிவு ரோட்டிலேயே எழுதிக் கிடக்கு," என்றார் கணவர்.

தம்பியின் முகம் கறுத்தது. "இவ்வளவு நாளும் உங்கடை பாரத்தையும் சேர்த்து இழுத்தன் அத்தான். இனி நீங்களே இழுங்கோ." கைப்பிடியை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தான். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நடு ரோட்டில் வள்ளம் நின்றது. தூரத்தில் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்கத் தொடங்கியது. வெட்ட வெளியில் வெள்ளை வள்ளம் எப்படித் தெரியும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் கடகத்தை வள்ளத்துக்குள் எறிந்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகி, தம்பியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

முதல் இழுப்பிலேயே ரெயிலர் என்னை வாய்க்கால் பக்கமாகத் தள்ளியது. நான் நேராகத்தான் இழுத்தேன். அது தன் பாட்டில் வலப் பக்கம் போகப் பார்த்தது. நேரே வைத்திருப்பதற்கு நான் கணவரின் பக்கம் சாய வேண்டியிருந்தது. சாயாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தம்பி சாய்ந்தது இதற்காகத்தான்.

வாகை மரத்தடிக்கு வந்ததும் கைப்பிடியைக் கீழே வைத்தேன். உள்ளங்கை உரிந்திருந்தது.

"இந்தப் பக்கம் நீங்கள் வந்து பிடியுங்கோ," என்றேன்.

"என்னத்துக்கு?"

"பிடிச்சுப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

ஹெலி கரைப் பக்கமாகச் சுற்றிவிட்டுப் போனது. அவர் பக்கம் மாறினார். கொஞ்சத் தூரம் இழுத்தோம். நின்றார். திரும்பவும் இழுத்தார். திரும்பவும் நின்றார். பிறகு குனிந்து, வள்ளம் மேலே இருக்கும்போதே சில்லைப் பார்த்தார். நானும் குனிந்தேன். வெறும் ரெயிலரில் நேராக நின்ற சில்லு, பாரம் ஏறி இழுத்தவுடன் முன்பக்கத்தை வெளியே திருப்பி வைத்திருந்தது, பாதத்தை விரித்து நடக்கும் ஆளைப் போல.

வீட்டுக்குக் கொண்டு வந்து, கத்தியால் தாரைச் சுரண்டினார். உள்ளே வெல்டிங் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் உப்பும் துருவும் அடைந்திருந்தன. பாரம் இல்லாதபோது வெடிப்பு மூடிக்கொள்ளும், நூலால் அளந்தால் சரியாக இருக்கும். பாரம் ஏறினால் திறக்கும். வெல்டிங் கடைக்காரர் அளந்தபோது வள்ளம் ரெயிலரில் இருக்கவில்லை.

திரும்ப ஒட்டுவதற்குக் கரண்ட் இல்லை. இரும்புத் தகடு வைத்து, துளை போட்டு, போல்ற் அடித்து இறுக்கினார். வேலை முடியும்வரை என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நான் தாயார் வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அச்சிலைதான் பிழை. உன்னிலை இல்லை."

"என்னிலை இல்லை எண்டு எனக்கு முந்தியே தெரியும் அக்கா. அத்தான் வந்து சொல்லட்டும்."

கணவரிடம் வந்து சொன்னேன்.

"அவனும்தானே என்னைச் சொன்னவன்? நான் பாரத்தை ஒரு பக்கம் போட்டனாமே? அவன் வந்து சொல்லட்டும்."

அதுவும் சரிதான். தம்பி வேறொருவரின் வள்ளத்தில் போகத் தொடங்கினான். கணவர் அயலவர் ஒருவரை வைத்து இழுத்தார். ஞாயிறு பூசையில் ஒருவர் முன் வாங்கிலும் மற்றவர் கடைசி வாங்கிலும் இருந்தார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்து, இருவரையும் சமாதானம் செய்ய வேண்டிய வார்த்தைகளைச் செபத்துக்குப் பதிலாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார்த்தைகள் தேவைப்படவில்லை. ஒரு பின்னேரம் அயலவர் காய்ச்சலென்று வரவில்லை. கணவர் தனியாக ரெயிலரை அசைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிப் படலையைத் திறந்துகொண்டு தம்பி வந்தான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை. நேரே போய் வலது கைப்பிடியைப் பிடித்தான். இருவரும் படலை தாண்டி ஒழுங்கைவரை இழுத்தார்கள். அங்கே கணவர் நின்று கேட்டார்:

"இப்பவும் பாரமோ?"

"இல்லை."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அந்தப் பேச்சை இருவரும் பிறகும் எடுக்கவில்லை. இருவரும் கரைப் பக்கம் திரும்பிப் போனார்கள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு, சண்டை முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் நெடு நேரம் நின்றேன்.