சுரேகாவுக்கு ஜீயா, கேயா?

சிவலட்சுமிக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. வட்டக்கச்சியில் ஐந்தாம் வகுப்போடு அவாவின் படிப்பு நின்றுபோனது. விடிய எழும்பிப் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, இடியப்பம் அவித்து இரண்டு கடைக்குக் கொடுப்பா. ஆரோடும் சண்டை சச்சரவு இல்லை. மனசில் ஒரே ஒரு குறைதான்.

மகள் சுரேகாவை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று, பெயர் பதிந்த ஐயா, "இங்கிலீசிலை காவுக்குக் கேயோ, ஜீயோ போடுறது?" என்று கேட்டார். தமிழில் இருப்பது ஒரே கா. "உங்களுக்குச் சரியெண்டதைப் போடுங்கோ ஐயா" என்றுவிட்டா. அவர் ஜீ போட்டார். மற்றச் சுரேகாக்கள் எல்லாரும் கே போடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தன்னால் பிள்ளையின் பெயர் பிழைத்துவிட்டதென்று கோயிலில்கூட அழுதிருக்கிறா.

இப்போது சுரேகாவுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்திலிருந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போகிறது. அட்டையில் ஏறினால் ஏறினதுதான்.

"நாளைக்கு வந்து மிஸ்ஸிட்டைச் சொல்லி மாத்திவிடுறன்."

"வேண்டாம் அம்மா. ஜீ இருக்கிறபடியால்தான் என்ரை பேர் மூலகத்திலை வந்தது."

"மூலமோ? நீ பூசமெல்லோ பிள்ளை?"

சுரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரும்பு, பொன், கந்தகம் போன்ற மூலகங்களுக்கு ஒன்றிரண்டு எழுத்தில் குறியீடு உண்டு. அவற்றை அடுக்கிப் பெயர் எழுதச் சொன்னாவாம் விஞ்ஞான மிஸ். வகுப்பில் இரண்டு பேருக்குத்தான் முழுதாக வந்தது. ஒன்று சதீஸ். மற்றது இவள்: S, U, Re, Ga.

"எங்கட வகுப்புச் சாருஜன்ரை ஜே எந்த மூலகத்திலையும் இல்லை. 'நீ இந்த உலகத்துச் சாமானே இல்லையடா' எண்டு சதீஸ் ஒரே நக்கல்."

"கே போட்டால் வராதோ?"

"கே இருக்கு. பிறகு தனி ஏ வேணும், அது இல்லை. ஜீயும் ஏயும் சேர்ந்தால் கல்லியம். உள்ளங்கையிலை வைச்சாலே உருகிற உலோகமாம்."

"எங்கட வெயிலுக்குக் கையும் தேவையில்லை." சிவலட்சுமி கொஞ்சம் யோசித்தா. "அப்ப அது பிழையில்லையோ?"

"பிழையோ சரியோ, பத்து வருசமா அப்பிடித்தானே அம்மா எழுதிறன். அது என்ரை பேர்."

அடுத்த நாள் வகுப்பாசிரியை கௌசலா படிவத்தை நீட்டினா. "சுரேகா சொன்னவள், பேர் மாத்த வேணுமெண்டனீங்களாம்?"

"இல்லை மிஸ். பிள்ளை எழுதிற மாதிரியே போகட்டும். இதிலை ஜீ எது?"

கௌசலா விரலால் காட்டினா. சிவலட்சுமி அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தா. பிறகு கீழே தமிழில், எழுத்தெழுத்தாகக் கையெழுத்து வைத்தா.