மை தொடாத சூரியகாந்தி

பெரியவளே, சின்னவனே, போன பொங்கலுக்கு வந்திருந்தபோது பரணிலிருந்து அந்தக் குக்கர் அட்டைப்பெட்டியை இறக்கினீர்கள். உள்ளே பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாத ரப்பர் ஸ்டாம்புகள்: கிளி, யானை, மாம்பழம், மீன். "எதுக்குப்பா சும்மா கெடக்குது, பக்கத்து வீட்டுப் பசங்களுக்காவது குடுத்துடலாம்" என்று பெரியவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் "வை கீழ" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் சின்னவன் கையில் இருந்தது சூரியகாந்தி ஸ்டாம்பு. அதனால்தான் கத்தினேன். நான் பத்தாவது வரை படித்தவன். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதிவிடுகிறேன்.

2004-ல் உங்கள் அம்மா செம்மண்டலத்தில் ஒரு நர்சரி பள்ளியில் சேர்ந்தாள். தனி வகுப்பு கிடையாது, இன்னொரு டீச்சருக்கு உதவியாள். பிள்ளைகளின் நோட்டில் குத்துவதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு நட்சத்திர ஸ்டாம்பு, அதிலும் ஒரு முனை தேய்ந்துபோயிருக்கும். "அடுத்த ஜூன்ல எனக்குன்னு ஒரு கிளாஸ் குடுத்துடுவாங்க. அன்னிக்கு எல்லாத்தையும் பிரிப்பேன்" என்பாள். அந்த ஜூன் வராமல் வருஷங்கள் போயின. ஸ்டாம்பு மட்டும் சேர்ந்துகொண்டே போனது.

புவனகிரியில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போனால், திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்காமல் வரமாட்டாள். கீழவீதிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடை. அவள் படி ஏறும்போதே கடைக்காரர் "டீச்சர், புதுசு வந்திருக்கு" என்று மேசைக்கு அடியிலிருந்த டிராயரை இழுப்பார். அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுப்பாள், ரப்பரை மூக்கருகே வைத்து மோந்துபார்ப்பாள், "இது வேணாம், போதும்" என்று கீழே வைப்பாள். கடையை விட்டு இறங்கி நாலு அடி நடந்த பிறகு "ஏங்க, அந்த ஆமை" என்று நிற்பாள். நான் திரும்பிப் போய் வாங்கிவருவேன். மைப்பெட்டியும் அப்படித்தான். பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று வாங்கி வாங்கி வைத்தாள், எல்லாம் மூடி திறக்காமலே காய்ந்தன.

ஒருநாள் எரிச்சலில் "இத்தனையும் வச்சி என்னா பண்ணப்போற, கடை வைக்கப்போறியா?" என்று கேட்டேன். "நீங்க பிரிக்காத தீபாவளிச் சட்டை ரெண்டு பீரோவுல வச்சிருக்கீங்களே, அத நான் கேட்டனா?" என்றாள். சிப்காட் கம்பெனி வேலைக்குப் போட்டுக்கொண்டு போனால் ரெண்டே வாரத்தில் கறை பிடித்துவிடும் என்றுதான் நான் வைத்திருந்தேன். அவளும் ரப்பரில் மை படக்கூடாது என்றுதான் வைத்திருந்தாள்.

ஆனாலும் படம் எப்படி விழும் என்று பார்க்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஸ்டாம்பை உறையிலிருந்து மெதுவாக உருவி, மை தொடாமல், முழங்கைக்குக் கீழே தசையில் அழுத்துவாள். எடுத்ததும் வெள்ளையாக ஒரு கிளியோ மீனோ தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். மறுபடி உறையில் போட்டுவிடுவாள்.

சூரியகாந்தி வாங்கியது 2009-ல். அந்த மாதம்தான் அவள் வளையல்கள் இறுக்கிப்பிடிக்க ஆரம்பித்து, ஒரு அளவு பெரிதாக மாற்றியிருந்தாள். "என் சம்பளத்துல சாப்புட்டு ஊதிட்ட" என்று கேலி செய்திருந்தேன். பஸ் வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது பூவைக் கையில் அழுத்தினாள். எடுத்த இடத்தில் வட்டம் குழியாகப் பதிந்திருந்தது. பாலம் இறங்கியும் இருந்தது. முட்லூரில் ஆள் இறங்கி ஏறி பஸ் புறப்பட்ட பிறகும் இருந்தது.

"பாத்தீங்களா, கிளியெல்லாம் ஒடனே பறந்துபோயிடும். இது நல்ல சரக்கு, அப்படியே நிக்குது" என்றாள்.

"அடுத்த தடவ இதுலயே ரெண்டு கேட்டு வாங்கு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். பின் சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

ஆறு மாதம் கழித்து, முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். டாக்டர் அவள் காலில் விரலை அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. "வீக்கம் எப்பலேர்ந்து இருக்கு? முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம்" என்று டாக்டர் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்த பஸ், அந்தப் பாலம், அந்தப் பூ. "சரியாத் தெரியல சார்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது ஞாபகம் வந்ததா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு கொடுத்தார்கள். அவளால் தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை. நான் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்து, "பிரிக்கட்டுமா?" என்றேன். "வேணாங்க. நல்லாயிட்டு வேலைக்குப் போறப்ப பிரிச்சிக்கலாம், இப்ப ரப்பர்ல காத்து பட்டுடும்" என்றாள். அதன் பிறகு ஒரு வருஷம்கூட அவள் இருக்கவில்லை. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். சீக்கு வந்து போய்விட்டாள் என்று மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வந்து நின்றது, அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த உறுத்தல் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை, இனியும் குறையாது. உங்களிடம் மறைத்த பாவமாவது போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கத்திய அன்றைக்கு நீங்கள் கோபமாகப் பஸ் ஏறிப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டுப் பெட்டி அருகே உட்கார்ந்தேன். சூரியகாந்தியை உறையிலிருந்து உருவினேன். ரப்பர் இறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. சட்டைக் கையை ஏற்றிவிட்டு, அவள் வைத்த அதே இடத்தில் பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன். எடுத்தேன். பூ தெரிந்தது, உடனே மறைந்துவிட்டது. மறுபடியும் அழுத்தினேன்.