பூர்க்

இருபது வருடத்துக்கு முன், ஒஸ்லோவின் ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் காலையில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் காண்பேன். என் வயதுதான் இருக்கும். ஆண்கள் போடும் பெரிய குளிர்கோட்டு அணிந்திருப்பார். கைக்குட்டையால் வாங்கைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருநாள் அத்தனை பேருக்குள் என்னை மட்டும் இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். பையைக் கொட்டிக் கிளறினார்கள். சோற்றுப்பெட்டி தரையில் கிடக்க, அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"பூர்க்!" என்று பல்லைக் கடித்தேன். ஒஸ்லோவில் பொலிசுக்கு அதுதான் பட்டப்பெயர்.

"அண்ணை, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமே?" வாங்கிலிருந்த அந்தப் பெண் கோபமாகக் கேட்டார்.

"பண்டிதானே" என்றேன், பன்றியை நினைத்து.

"பெண்பண்டி. நான் பண்ணையில வேலை செய்தனான். குட்டியள் நசிஞ்சுபோகும் எண்டு பாத்துப் பாத்துப் படுக்கிற சீவன் அது. இவங்கள் செய்ததுக்கு அதை ஏன் இழுக்கிறீங்கள்?"

பொலிசுக்குப் பரிந்து பேசுகிறார் என்று எரிச்சலடைந்தேன். அதற்குள் அவர் ஓடிப்போய் அவர்களை மறித்துவிட்டார். "இவரை ஏன் சோதிச்சனீங்கள்? உங்கட பேர் என்ன?" நோர்வே மொழியில் அவர் கேட்டது மேடை முழுவதும் கேட்டது.

இரண்டு பெயர்களையும் எழுதி என்னிடம் நீட்டினார். "முறைப்பாடு குடுங்கோ."

கொடுத்தேன். பிறகு அவரைக் காணவில்லை. அவருடைய பெயரை நான் கேட்டதேயில்லை.