வெற்றிலை மறைத்த பல்

ரத்தத்தை வெற்றிலைச் சாறு என்றே பல மாதம் நினைத்திருந்தேன். ஏகாதசி விரதத்தன்று வெற்றிலை போடவில்லை. அரியக்குடிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் சிவப்பாக வந்தது. மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் சிவப்பு. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மகள் வள்ளிக்கு மூன்று.

நான் பிறந்த ஊரில் எல்லோர் பல்லிலும் பழுப்புப் பட்டை இருக்கும். கிணற்றுத் தண்ணீர் அப்படி. அங்கே அதை யாரும் பேசியதில்லை. தேவகோட்டையில் பள்ளி விடுதியில் சேர்ந்த பிறகுதான் பல் விளக்காதவள் என்று பெயர் வந்தது. கரித்தூளும் உப்பும் வைத்து ஈறு கிழியத் தேய்த்தேன். பிறகு கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகினேன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கிவந்தும் அனுப்பவில்லை. வகுப்பில் நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டுமே.

பிள்ளை பெற்றவளுக்குச் செரிமானத்துக்கென்று வெற்றிலை கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், பழுப்பு தெரியவில்லை. பத்தியம் முடிந்தும் வெற்றிலையை விடவில்லை.

காரைக்குடியில் பல் டாக்டர், ஈறு அழற்சி (ஈறு வீங்கி ரத்தம் கசிவது) என்றார். "வெத்தலையை நிறுத்துங்கம்மா. படிஞ்சிருக்கிற காரையைச் சுரண்டி எடுத்துடலாம்."

"பழுப்பு போயிருமா டாக்டர்?"

"அது பல்லுக்குள்ளயே இருக்கு. ஈறுக்குள்ள பல் உருவாகும்போதே ஏறினது." ஃப்ளோரைடு (தண்ணீரில் கரைந்திருக்கும் ஒருவகை உப்பு) என்று விளக்கினார்.

"அப்ப முன்பல்லை எல்லாம் எடுத்துட்டுப் பல்செட்டு வச்சுருங்க."

"கல்லு மாதிரி பல்லும்மா. பிடுங்கினா திரும்ப முளைக்காது. வீட்டுல பேசிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"ஒனக்கு எப்புடித் தோணுதோ அப்புடிச் செய்யி" என்றார் கணவர்.

"ஒங்களுக்கு எப்புடித் தோணுது? அதைச் சொல்ல மாட்டேங்குறீகளே."

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் நீ வாயத் தொறக்கல. அடக்கமான பொண்ணுன்னு ஏமாந்துட்டோம்டி" என்று மாமியார் சிரித்தார். அது கேலியா குறையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காலையில் பிடுங்கிவிடலாம் என்றிருக்கும். சாயங்காலம் வேண்டாம் என்றிருக்கும். அந்த வாரம் வள்ளி, ஆட்டுக்குட்டி துள்ளுவதைப் பார்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி பொத்துற?"

"அம்மா மாதிரி."

அன்றே பல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளைப் பல் இருந்தால் என் கை எழாது, அவளும் மறந்துவிடுவாள். அடுத்த நிமிடமே பிரசவத்துக்குப் போய் ஏழு மாதம் அம்மா வீட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் பொங்கலுக்கும் கோடைக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். அவளுடைய பெரிய பற்கள் ஈறுக்குள் என்ன நிறத்தில் உருவாகின்றனவோ? பழுப்பாக வந்தால், செட்டுப் பல்லோடு நிற்கும் அம்மாவைப் பார்த்து அவள் என்ன நினைப்பாள்? என் பழுப்பைப் பார்த்து வளர்ந்தால் மட்டும் தேறிவிடுவாளா?

ஒன்றும் தெளியாமலே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சுத்தம் மட்டும் பண்ணுங்க." சொன்ன பிறகுதான் அதுவே முடிவு என்று எனக்குத் தெரிந்தது. அது தைரியமா, ஊசிக்குப் பயமா, இன்றும் தெரியவில்லை.

வெற்றிலையையும் விட்டேன். ஒன்றரை மாதத்தில் ஈறு ஆறியது. என்னைப்போல் மறைப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஒரு நாள் வெற்றிலை போடாமல் கொப்பளித்துப் பாருங்கள்.

வள்ளியின் பல் நிறம் ஆறு, ஏழு வயதில்தான் தெரியும் என்றிருந்தார் டாக்டர். மூன்று வருடமாக அவள் வாயைப் பார்த்தே நாட்களை எண்ணினேன். போன வாரம் அவளுக்கு முதல் பால்பல் ஆடியது.

"அம்மா, ஒன் பல்லும் ஆடுதான்னு பாக்குறேன், காட்டு."

என் கை வாய்க்குப் போனது. அவள் அதைப் பிடித்து இழுத்துவிட்டு, முன்பற்களை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட ஆடல" என்றாள்.