மொதல்ல வண்டியத் தூக்குங்க

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் ஒருநாள், வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஓடவில்லை. அன்றைக்கு என் மகள் செல்விக்கு அங்கே பத்தாம் வகுப்புப் பரீட்சை. போலியோவால் நடக்க முடியாதவள். "இந்தக் கலாட்டாவுல இவளுக்குப் பரீட்சை எதுக்கு?" என்றார்கள் தெருவில். மூன்று சக்கர வண்டியில் உட்காரவைத்து, விடிவதற்கு முன்பே தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். கழியோடு நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா ஆளுங்க நீங்க?" என்று ஒருவன் சாதியைக் கேட்டான்.

"திரும்பிடலாம்மா" என்றாள் செல்வி. அதைக் கேட்டதும்தான் கோபம் வந்தது.

"படிப்புக்காகத்தான ரோட்டுல நிக்கிறீங்க? இவளும் படிக்கப் போறவதான். மொதல்ல வண்டியத் தூக்கி அந்தாண்ட வைங்க. அப்பால கேளுங்க."

கழியைப் போட்டுவிட்டு, அவளோடு சேர்த்து வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை மாடியில் என்றார்கள். அங்கேயும் அதையேதான் சொன்னேன். தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போதும் ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ யாராவது "இன்னா ஆளுங்க" என்று விசாரித்தால் நான் பதில் சொல்வதில்லை.

"வண்டி ஏறுறதுக்குச் சாய்தளம் எங்க இருக்குது? அத மொதல்ல காட்டுங்க" என்கிறேன்.