வானொலியில் எங்கள் வீட்டுச் சேதி

எங்கள் பக்கத்து வானொலியில் காலையில் நேயர் விருப்பம் வரும். பாட்டைவிட, பாட்டுக்கு முன்னால் ஆட்கள் பேசுவதைக் கேட்கவே நானும் மகளும் அதை வைப்போம். காதணி விழாவில் முறுக்கிக்கொண்டு போன மச்சானை ஒருவர் பாட்டுப் போட்டுச் சமாதானம் செய்வார். மூலத்துக்கு ஆபரேஷன் முடிந்து குப்புறப் படுத்திருப்பதாகச் சொல்லி, தனக்குத்தானே பாட்டுக் கேட்டார் இன்னொருவர். இதையெல்லாமா ஊருக்குச் சொல்வது என்று சிரிப்போம்.

மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குத்தான் நடுக்கம் போகவில்லை. அவள் கண் அசந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். கல்லூரிக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், உத்தமபாளையம் வரை அவளைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப மனசு வரவில்லை. திங்கட்கிழமை பார்ப்போம் என்பேன். திங்கட்கிழமை வானம் இருட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். பரீட்சை நெருங்க நெருங்க, அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்படி ஒரு காலையில் வானொலிப் பெண், "காமயகவுண்டன்பட்டியில இருந்து ஒரு அண்ணன் பேசுறாங்க. வணக்கம்ணா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார். எல்லாரிடமும் கேட்பதுதான். நல்லா இருக்கோம் என்று சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்க வேண்டும்.

"மகளுக்கு இப்பப் பரவாயில்லம்மா" என்றது ஒரு குரல். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போன என் கணவர்! ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவர், இதையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டார். "காலைல ரெண்டு இட்லி தின்னுச்சு. ஒண்ணுக்கு நல்லாப் போகுது. வெளிக்கும் போயிருச்சு."

மகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஏம்மா, போனப் போட்டு நிப்பாட்டச் சொல்லும்மா!"

எப்படிப் போடுவது? அவர்தான் வானொலியோடு பேசிக்கொண்டிருக்கிறாரே.

"அவ அம்மாதான் இன்னும் தேறல. புள்ள மூக்குல வெரல வச்சு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கா. காலேசுக்கு அனுப்பலாம்னு டாக்டரு சொல்லிட்டாக. இவ விடமாட்டேங்குறா. நாஞ் சொன்னா எடுபடாது. நீ சொல்லும்மா, ரேடியோவுல சொன்னா கேப்பா."

அந்தப் பெண்ணும் தட்டாமல், "அக்கா, பயப்படாம அனுப்பி வைங்கக்கா" என்றார். "உங்களுக்கு என்ன பாட்டுண்ணா வேணும்?"

"ஏதாச்சும் போடு. சத்தமாப் போடு."

சாப்பிட வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, இனி நான் எப்படித் தெருவுல நடப்பேன்?"

"அந்தப் புள்ள கேட்டுச்சு, சொன்னேன். கேட்டா பதில் சொல்லணுமா இல்லையா?" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கோபம்தான். ஆனாலும் அவர் சொன்னதில் எது பொய் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வானம் இருட்டித்தான் நின்றது. மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவில்லை. பையை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். குடையை எடுத்துக் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன்.

டவுன் பஸ் வந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "ரெண்டு இட்லி தின்ன புள்ள நீதானா ஆத்தா? இங்கன வந்து ஒக்காரு." பஸ்ஸே சிரித்தது. மகள் முகம் சிவக்கப் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதுமுன் என்னிடம் குனிந்தார்: "நான் பாத்து எறக்கி விட்டுர்றேன்க்கா. நீங்க போய்த் தூங்குங்க."

அவமானமாக இருந்தது. எத்தனை பேர் அவளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நெஞ்சு லேசாகவும் இருந்தது.

மத்தியானம் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டேன். சாயந்திரம் மூக்கருகே ஏதோ குறுகுறுத்தது. கண் திறந்தால், குடையைக்கூடக் கீழே வைக்காமல், மகள் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மூச்சு வருதுப்பா!" என்று வாசலில் நின்ற அவள் அப்பாவுக்குக் கேட்கும்படி கத்தினாள்.