ஆறு சிலிண்டர் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவான அன்று வீட்டில் அப்பா இருந்தார், தங்கை இருந்தாள், நான் இருந்தேன். அம்மா இல்லை. அதனால்தான் முடிவானது.

அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். குழுவுக்குப் பொருளாளர் அவள்தான். ஊரார் பணத்தையே பைசா சிந்தாமல் காக்கிறவள் வீட்டுப் பணத்தை எப்படிக் காப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா டிரெய்லர் டிரைவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றினால் எந்த ஊர் என்றாலும் போய் இறக்கிவிட்டு வருகிறவர். மழை பெய்த ஒரு காலையில் கேபினிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி வலது கணுக்கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் பாதம் மடங்கவில்லை. பாதத்தைக் கீழே அழுத்த வேண்டும், மேலே தூக்க வேண்டும், தினமும் செய்ய வேண்டும், இல்லையென்றால் அப்படியே இறுகிப்போகும், பெரிய வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பா இரண்டு தடவை செய்வார். வலிக்கும். உடனே, "வருசக்கணக்கா பிரேக் மிதிச்ச காலுக்கு எதுக்குலே டிரில்லு?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். கால் கட்டையாகவே கிடந்தது.

அந்தக் கட்டையை நீட்டிப் படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. அன்றைக்குத் திடீரென்று கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. இவன் என்னலே செய்யுதான்?"

எட்டிப் பார்த்தேன். எந்த நாட்டிலோ ஒருவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"கேம் விளையாடுதான்ப்பா."

"லாரில்லா ஓட்டுதான்!"

"கேம்ல லாரி ஓட்டுதான்."

"இதுக்கு லைசென்சு வேணுமா?"

"வேண்டாம்."

"டாக்டர் சர்ட்டிபிகேட்டு?"

"அதும் வேண்டாம்ப்பா."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். கால் முறிந்த பிறகு யாரும் சொல்லாமல் அவர் எழுந்து உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "எம்புட்டு ஆவும்?" என்றார். தங்கை அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். தெருவில் யார் போன் நின்றுபோனாலும், யார் வீட்டு டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் எனக்குத்தான் ஆள் வரும். ஆனால் கல்லூரியில் படித்த அத்தனை நாளிலும் ஒரு கம்ப்யூட்டரின் மூடியை நான் திறந்ததில்லை. லேபில் அதைத் தொட்டால் அபராதம். எந்தப் பிராசசருக்கு எந்த போர்டு, எந்த கார்டுக்கு எத்தனை வாட் என்று வீடியோ பார்த்துப் பார்த்து மனதுக்குள்ளேயே நூறு கம்ப்யூட்டர் கட்டிப் பிரித்திருக்கிறேன். இப்போது நிஜமாக ஒன்று! அதுவும் அப்பா வாயால்!

அம்மா வந்ததும் தங்கை உளறிவிட்டாள்.

"கெடக்குத ஆளு ஓட்டுததுக்கு டிவி பொட்டியில லாரியா?" என்று அம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் பார்வை அந்தக் காலுக்குப் போனது. எழுந்து உட்கார்ந்திருந்த அப்பாவையும் ஒரு தடவை பார்த்தாள்.

"நாப்பதாயிரம். என் சீட்டு விழுந்தா தாரேன். அதுக்கு மேல ஒத்த ரூவா கூடுச்சுன்னா, அத்தனையையும் அள்ளிக் கொண்டுபோய்க் கடையில குடுத்துட்டு வந்துரணும். சம்மதமா?"

"சம்மதம்மா."

"உன்னயக் கேக்கல. அங்கன உக்காந்திருக்க ஆளக் கேட்டேன்."

"சம்மதம் ஏளா, சம்மதம்" என்றார் அப்பா.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீடு ஒர்க்‌ஷாப் ஆனது. நான் ஒவ்வொரு பாகமாகச் சொல்லச் சொல்ல அப்பா அதை லாரியாக்கிப் புரிந்துகொண்டார். பிராசசர் எஞ்சின்.

"எத்தன சிலிண்டர்?"

"சிலிண்டர் இல்லப்பா, கோர். ஆறு கோர்."

"ஆறா! நம்ம வண்டியும் ஆறு சிலிண்டர்தாம்லே!" அதோடு பிராசசர் முடிவாகிவிட்டது. நான் தேடி வைத்திருந்த ஒப்பீடுகளைக் காட்ட அவசியமே வரவில்லை. பவர் சப்ளை டீசல் டேங்க். கூலர் ரேடியேட்டர். கிராபிக்ஸ் கார்டு மட்டும் கொஞ்சம் இழுத்தது.

"ரோடு, மரம், மழை எல்லாத்தையும் அதுதான் காட்டும்ப்பா. அது சரியில்லன்னா ரோடு திக்கித் திக்கி வரும்."

"முன்கண்ணாடின்னு சொல்லு. கண்ணாடிக்குப் போயி எஞ்சினை விட வெல கூடவா?"

"கேம் வண்டியில அப்படித்தான்."

"என்ன வண்டிலே இது" என்றார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

புதுக் கார்டு நம் நாற்பதாயிரத்துக்குள் அடங்காது. பழையதுதான் வாங்க வேண்டும். இங்கேதான் அப்பாவின் சட்டம் குறுக்கே வந்தது. எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிலோமீட்டர் கேட்பதற்கு முன்னால் எங்கே நின்ற வண்டி என்று கேட்பார்கள். கடற்காற்றில் நின்ற வண்டிக்கு அடிப்பாகம் அரித்திருக்கும்.

"தூத்துக்குடியில ஓடுன சாமான் ஒண்ணும் வேண்டாம். உப்பு தின்னுருக்கும். உள்நாட்டுல பாரு."

"அது வீட்டுக்குள்ள இருக்குற சாமான்ப்பா."

"நம்ம வீட்டு பீரோவும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. கதவு மூடுதா?"

மூடாது. எனவே உள்நாட்டில் தேடினேன். புதுக்கோட்டையில் ஒரு அண்ணன் வெளிநாட்டு வேலை கிடைத்து எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டை இல்லை, திருநெல்வேலி ரோட்டில் நம் ஊர் எல்லை தாண்டியதும் வருகிற புதுக்கோட்டை. ஆனால் அப்பாவின் கணக்கில் உப்புக்காற்று அதற்கு முன்பே திரும்பிப் போய்விடும்.

அம்மாவுக்குச் சீட்டு விழுந்ததும் பஸ்ஸில் போனோம். நடைபாதையை மறித்து வலது காலை நீட்டி, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும், "கார்டு வாங்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார் அப்பா. ஒருவர் ரேஷன் கார்டா என்று கேட்டார். இல்லை, லாரிக்கு முன்கண்ணாடி என்றார் அப்பா. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அந்த அண்ணன் கார்டைப் போட்டு ஓட்டிக் காட்டினார். பிறகு கழற்றி அப்பா கையில் கொடுத்தார். அப்பா முகர்ந்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபேனை விரலால் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார்.

"பாத்தியாலே, ஒரு பொட்டுத் துரு கெடையாது. இதுதாம்லே உள்நாட்டுச் சாமான். நம்ம ஊர்ல ஓடியிருந்தா இந்நேரம் உதிந்து கையில வந்திருக்கும்."

அந்த அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அண்ணாச்சி, இது உங்க ஊர்ல ஓடுனதுதான். நான் அங்கனதான் ரூம் எடுத்துத் தங்கி வேலை பாத்தேன். மூணு வருசம். ஜன்னலத் தொறந்தா கடல்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சிரித்துவிடுவேன் என்று பயம். அப்பா கார்டை ஒருமுறை பார்த்தார், அந்த அண்ணனை ஒருமுறை பார்த்தார்.

"அப்பம் ஆயிரம் ரூவா கொறச்சுக்கோங்க."

"இப்பந்தான துரு இல்லன்னு சொன்னிய?"

"இதுவரைக்கும் இல்ல தம்பி. இனிமே வரும்லா?"

அந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்து ஐந்நூறு குறைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா கார்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

மற்ற சாமான்களுக்கு நம் ஊர்க் கடைக்கே போனோம். அங்கே ராம் விலை மீன்பிடித் தடைக்காலத்துச் சீலா மீன் மாதிரி ஏறிக் கிடந்தது. பதினாறு ஜிபி வேண்டும் என்றேன். ராம் என்றால் என்ன என்று கேட்டார் அப்பா.

"வண்டியில எவ்வளவு சரக்கு ஏத்தலாம்னு இருக்கும்லாப்பா, அது மாதிரி."

"அப்பம் எட்டே போதும். ஓவர்லோடு அடிச்சுக்கிடலாம்."

"ஓவர்லோடு அடிச்சா நின்னுரும்ப்பா."

"அதுக்குள்ள எந்த போலீசுலே நிக்கான்?"

கடை அண்ணாச்சி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய் பழைய ராம் இரண்டை எடுத்துவந்து கொடுத்தார். பதினாறு ஆயிற்று. அதில் மிச்சமானதை அப்பா வேறு இடத்தில் விட்டார். விளக்கு இல்லாத கேபினெட் ஒன்று, விளக்கு எரியும் கேபினெட் ஒன்று. விளக்கு உள்ளது அறுநூறு ரூபாய் கூடுதல். வேகத்துக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் ஆதாரத்தோடு விளக்கினேன்.

"லைட்டு இல்லாத வண்டிய ராத்திரி எப்பிடிலே ஓட்டுவ?" என்றார் அப்பா. தங்கை ஏற்கெனவே விளக்கு உள்ளதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விளையாட்டின் விலை எல்லாம் சேர்த்து முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. அம்மா பில்களை வாங்கி, நின்ற நின்ற நிலையிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவுக்கும் எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டினேன். புது வண்டி என்பதால் அப்பா கேபினெட்டின் நான்கு கால்களுக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் ஏற்றப் போனபோது அம்மா ஊதி அணைத்தாள். பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு ஏழு நிறத்தில் ஓடியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"உப்பு" என்றார் அப்பா.

உப்பு இல்லை. மானிட்டர் கேபிளை கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தேன். மாற்றியதும் திரை பளிச்சென்று வந்தது. தங்கை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விளையாட்டை ஏற்றினேன். திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு டிரெய்லர் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார், துண்டை உதறித் தோளில் போட்டார், கடவுளைக் கும்பிட்டார், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

"ஸ்டேரிங் எங்கலே?"

ஆறு கோரையும் பதினாறு ஜிபியையும் ஏழு நிற விளக்கையும் பார்த்துப் பார்த்து வாங்கியவன், லாரி ஓட்டப்போகிற ஆளுக்கு ஸ்டியரிங்கை மறந்திருந்தேன். படித்தவன்!

அம்மாவின் நாற்பதாயிரத்தில் மீதி முந்நூற்று அறுபது ரூபாய்.

"இந்தக் கீயை அமுக்குனா முன்னால போவும்ப்பா, இது பிரேக்கு, இது ரெண்டும் திருப்புததுக்கு" என்று முனகினேன். அப்பா ஒரு விரலை நீட்டி, தேள் மேல் வைப்பது போல வைத்தார். டிரெய்லர் பாய்ந்து போய் ஒரு சுவரில் முட்டியது. பின்னால் எடுத்தார். ரோட்டில் ஏறினார். ஏறியதும் எதிரே வந்த கார், பஸ், வேன் எல்லாம் அவரைப் பார்த்தே வந்தன.

"என்னலே, வாரவன் பூராவும் ராங் சைடுல வாரான்?"

"அந்த ஊர்ல வலது பக்கம்தான்ப்பா போவணும்."

"அவனுவளுக்குத் தெரியுமா?"

தங்கை தரையில் உருண்டாள். நான் அப்பாவை இங்கிலாந்துக்கு மாற்றினேன். அங்கே நம்மைப் போல இடது பக்கம். ஒற்றை விரலில் கால்குலேட்டர் தட்டுவது போலத் தட்டித் தட்டி அப்பா ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாய்ந்தது. ஹாரனுக்கு ஒரு கீ இருக்கிறது என்று தெரிந்த பிறகு இங்கிலாந்து நிம்மதி இழந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. அம்மாவின் கை நின்றது. அவள் என் முழங்காலைத் தட்டி, மேசைக்கு அடியில் பார்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

அப்பாவின் விரல் கீயில் இருந்தது. ஆனால் மேசைக்கு அடியில் அவருடைய வலது பாதம், அந்தக் கட்டை, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. பாதம் மெல்ல உயர்ந்தது. முன்னால் ஒரு வேன் குறுக்கே வந்தது. மறுபடி ஒரே அழுத்து. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. "பாத்துப் போலே" என்று வேன்காரனை ஏசிக்கொண்டிருந்தார்.

சொல்லப் போனேன். அம்மா வெங்காயக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். எனக்குக் கண் எரிந்தது. அவளுக்கும் எரிந்தது, இத்தனைக்கும் அவளுக்கு வெங்காயம் பழக்கம்தான்.

அடுப்படிக்குள் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஸ்டேரிங் எம்புட்டு வரும்?"

"பெடலோடயா, பெடல் இல்லாமயாம்மா?"

"வெளங்காதவனே, பெடல் இல்லாம என்னத்துக்குலே?"

"ஆறாயிரத்து எரநூறு. நாப்பது தாண்டிரும். திருப்பிக் குடுக்கச் சொன்னியே?"

"அது கம்ப்யூட்டர் கணக்கு. இது ஆஸ்பத்திரிக் கணக்கு" என்று காசு போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்தாள்.

கடை அண்ணாச்சி வரவழைத்துக் கொடுத்த ஸ்டியரிங்கை மேசையில் முடுக்கி, பெடல் நகராமல் இருக்க அம்மியை முட்டுக் கொடுத்தோம். முதல் நாள் வலியில் அப்பாவுக்கு முகம் கோணியது. ஆனால் லிவர்பூலில் சரக்கு இறக்க நேரமாகிவிட்டதாம், நிறுத்தவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், மறுபடி மடக்கினார்.

"நல்லா இளகியிருக்கே. தினமும் எவ்வளவு செய்யுறீங்க?"

"டெய்லி நானூறு கிலோமீட்டர் சார்" என்றார் அப்பா.

அம்மா வீட்டுக்கு வந்ததும் இரண்டு கணக்கையும் ஆஸ்பத்திரிக் கணக்காகவே ஒன்றாகக் கூட்டினாள். நசுங்கிப்போன எலுமிச்சம்பழம் நான்குக்கு இருபது ரூபாயையும் விடாமல் சேர்த்து, நாற்பத்தைந்தாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.